பந்தல் கல்லில் இரண்டு கோடுகள்

"சொந்த ஊரை அளக்கிறவங்க கை ஒரு பக்கமா சாயும்மா. உன்ன இங்க போட்டது சரியான்னு எனக்குத் தெரியல."

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு எங்கள் குழுவின் பொறியாளர் இதைச் சொன்னார். அவர் டெல்டா பக்கத்துக்காரர். எங்கள் பள்ளத்தாக்கை அதற்கு முன் ஒரே ஒரு தடவை, சுருளி அருவிக்குப் போகும்போது பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் கை சாயாது சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீ கிளாசைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் வெகுநாள் சுமந்து திரிந்தேன். மற்றவர்கள் ஒரு முறை அளந்த இடத்தை நான் மூன்று முறை அளந்தேன். மதியச் சாப்பாட்டை நின்றபடியே சாப்பிட்டேன். உட்கார்ந்தால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்பதைப் போல.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்தவள் நான் ஒருத்திதான். அப்பா தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் உரிக்கிறவர். அம்மா விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பமெட்டு மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் களை எடுக்கப் போகிறவள். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அப்போது நான் நான்காம் வகுப்பு. பிறகு சிவில் இன்ஜினியரிங் படித்து, மட்டம் பார்க்கும் லெவல் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு இதே பள்ளத்தாக்கில் இறங்கி நடந்தேன். இதைப் பெருமையாகச் சொல்வதில் எனக்குக் கூச்சமே இல்லை. கூச்சப்பட வேண்டியது வேறு ஒன்று. அது பின்னால் வருகிறது.

எங்கள் வேலை, ஆற்றோரத்தில் வெள்ளம் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடத்தைப் புதுப்பிப்பது. பழைய வரைபடத்தில் முல்லைப் பெரியாறு நீலமாக ஓடும். இருபுறமும் கரை தடித்த கோடாக இருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் எல்லாம் வெள்ளை. வெள்ளை என்றால் தண்ணீர் வராது என்று பொருள். அந்தப் படத்தை வரைந்தவர்கள் கரையை அப்படியே நம்பியிருந்தார்கள். உண்மையில் அந்தக் கரை, பல காலங்களில் பலர் கொட்டிய மண். சில இடங்களில் லாரி போகும் அகலம். சில இடங்களில் எதிரே ஆடு வந்தால் நாம் இறங்கி வழிவிட வேண்டும்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி எளிமையானது. கரையின் உயரம், அகலம், உள்ளே உள்ள மண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தரம் இல்லாத கரையை, அங்கே இல்லாத கரையாக எண்ணிக்கொண்டு வரைய வேண்டும். கண் முன்னால் நிற்கிற கரையை இல்லை என்று எழுதுவது, ஊர்க்காரர்களுக்கு அவர்களைத் திட்டுவது போல இருந்தது.

உயரத்தில் குறை இல்லை. ட்ரோன் எடுத்த படங்களில் கரை அழகாகவே தெரிந்தது. நடந்து பார்த்தபோதுதான் அதன் வயிறு தெரிந்தது. ஆற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்க ஒவ்வொருவரும் கரையை வெட்டிக் குழாய் பதித்திருந்தார்கள். ஒரு காலை நேரம், கரையில் பல் துலக்கிக்கொண்டு நின்ற ஒரு வாழைத் தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"இது யாரு பைப்புண்ணே?"

"என்னுதுதான். ஒண்ணே ஒண்ணுதான்மா. வெட்டுன இடத்துல தேங்கா மட்டைய வச்சு மண்ணப் போட்டு அமுக்கிட்டோம்ல. கரைக்கு ஒண்ணும் ஆகாது."

"பக்கத்துல இருக்கிறது?"

"அது எங்க சித்தப்பா வீட்டுது. அதும் ஒண்ணுதான்."

"அதுக்கு அங்கிட்டு?"

"அது அவுக மச்சினன் வச்சது." வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, கையால் ஆறு போகும் திசையெல்லாம் காட்டினார். "ஆளுக்கு ஒண்ணுதான்மா. ரெண்டு பைப்பு வச்சவன் ஒருத்தன் கிடையாது. அம்புட்டு நாணயமான ஊரு."

அன்று நாங்கள் சிரித்துக்கொண்டே எண்ணினோம். எண்ணி முடிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. தேங்காய் மட்டை மண்ணுக்குள் சில வருடங்களில் மக்கிப் போகும். மக்கினால் அந்த இடத்தில் மிஞ்சுவது ஓட்டை. அந்த மட்டைகளில் அப்பா உரித்தவையும் இருக்கும் என்று நினைத்தேன். 

அந்தக் கரைக்கு இந்தப் பக்கம், உத்தமபாளையத்துக்குச் சற்று முன்பாக, இரண்டு மயில் பொம்மைகள் வைத்த ஆர்ச் ஒன்று உண்டு. உள்ளே மனைகள். அதில் ஒன்று எங்களுடையது.

நாங்கள் கோம்பைக்காரர்கள். மலை பக்கத்தில் இருந்தும், எங்கள் தெருவில் குடம் வைத்து வரிசையில் நின்றுதான் தண்ணீர் பிடித்தோம். அப்பா வாழ்நாளெல்லாம் ஆற்றோரத் தோப்புகளில் வேலை செய்துவிட்டு, சாயங்காலம் வறண்ட வீட்டுக்குத் திரும்பி வருவார். ஆறு தெரிகிற இடத்தில் ஒரு வீடு என்பது அவருக்கு ஆசை மாதிரி இல்லை, வைராக்கியம் மாதிரி. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே அந்த மனையை வாங்கிவிட்டார். என்னை முதல்முறை அங்கே கூட்டிப்போனபோது கடப்பாரையால் ஓர் இடத்தில் குத்தி, பிடித்து இழுத்து, அதன் நுனியை எனக்குக் காட்டினார்.

"பாரு தாயி. ஒரு முழம் இறக்குனா ஈரம் வருது. நம்ம ஊர்ல நூறு அடி இறக்குனாலும் புகைதான் வரும்."

அப்போது நானும் சந்தோஷப்பட்டேன்.

கணக்குப்படி எங்கள் மனை வெள்ளையில்தான் இருந்தது. மனை போட்டவர்கள் நிலம் முழுவதும் ஒன்றரை அடி மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். கரை இல்லை என்று வைத்துக் கணினியில் தண்ணீரை ஓடவிட்டாலும், அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு நீலம் போயிற்று. மனையிலிருந்து ஒரு தென்னை உயரத் தூரத்தில் நின்றது. ஆனால் கணக்கு மட்டும் போதாது. தண்ணீர் முன்பு உண்மையில் எங்கே வந்தது என்பதற்கு அடையாளம் தேடி, கணக்கை அதனோடு ஒப்பிட வேண்டும். சுவரில் படிந்த சேற்றுக்கோடு, மரத்தில் சிக்கிய குப்பை, இப்படி ஏதாவது. எங்கள் பக்கம் சுவர்களுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடித்துவிடுவார்கள். ஒரு கோடும் மிஞ்சாது.

"அடையாளமே இல்லாத ஊரா இருக்கு" என்று பொறியாளர் சலித்துக்கொண்டார்.

அப்போதுதான் நான் என் பெருமையை அவிழ்த்துவிட்டேன். "பந்தல் கல்லைப் பாருங்க சார்" என்றேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடியை ஆள் உயரத்துக்கு மேல் பந்தலில் படரவிடுவார்கள். பந்தலைத் தாங்குவது வரிசையாக நட்ட கருங்கல் தூண்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தைக் கொடிக்கு அடித்து அடித்து, அந்தக் கற்கள் எல்லாம் நீலம் பாரித்திருக்கும். மழையில் போகாது. தோட்டத்துக்குள் வெள்ளம் வந்து நின்று வடிந்தால், அந்த நீலத்தின் மேல் வண்டல் அப்பி, நேர்கோடாகக் காய்ந்துவிடும். கல்லுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை.

காமயகவுண்டன்பட்டிக்குப் போகும் வழியில், ஒரு ஓடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப்பட்ட கற்கள் பதினொன்றைக் கண்டுபிடித்தேன். தோட்டக்காரர் ஊரில் இல்லை. வேலையாட்கள் தடுக்கவும் இல்லை. தரையிலிருந்து வண்டல் கோடு வரை அளந்தேன். கல்லின் அடியில், தரைக்கு ஒரு சாண் மேலே வேறொரு கறையும் இருந்தது. மழை தெறித்த சேறு என்று நினைத்து, துணியால் துடைத்துவிட்டு என் வேலையைத் தொடர்ந்தேன். ஓடையின் கரையும் பலவீனமாகத்தான் இருந்தது; எனவே கணக்கோடும் அது முரண்படவில்லை. பொறியாளர் என் குறிப்பை இரண்டு முறை படித்தார். "நல்லா இருக்கும்மா" என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

வரைவுப் படத்தை ஊராட்சிக் கட்டடத்தில் மாட்டி, மக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட அன்று அந்தத் தோட்டக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் செருப்பு. சேறு ஒட்டியிருந்ததால் வெளியே விட மனமில்லாமல் கையில் பிடித்திருந்தார். படத்துக்கு முன்னால் நின்று தன் தோட்டத்தைத் தேடினார். அது நீலத்துக்குள் கிடந்தது.

"எவன்டா என் தோட்டத்துக்குள்ள தண்ணிய விட்டது?"

"நான்தான் ஐயா" என்றேன். கூட்டம் சிரித்தது.

"ஏம்மா, நீ எந்த ஊரு?"

"கோம்பை."

"அதான பாத்தேன்! கோம்பை நாய் கடிச்சா விடாதும்பாக. என் தோட்டத்தக் கடிச்சு வச்சிருக்க. எங்க அப்பன் காலத்துல இருந்து அங்கன தண்ணி ஏறுனதில்ல. மேட்டு நிலம். பாறை. அங்கன மழைத்தண்ணியே நிக்காது, ஆத்துத்தண்ணி எப்பிடி நிக்கும்?"

"உங்க பந்தல் கல்லுல வண்டல் கோடு இருக்குங்கய்யா. பதினோரு கல்லுல ஒரே அளவுல இருக்கு. நானே அளந்தேன்."

அவர் ஒரு நொடி என்னையே பார்த்தார். பிறகு கையிலிருந்த செருப்பைத் தரையில் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பது புரியும் முன்பே மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

"அடி ஆத்தா! அது என் கல்லே இல்ல. நான் தோட்டம் போட்டே மூணு வருசந்தான் ஆகுது. கல்லு பூராம் பழங்கல்லு, ஒரு தோட்டத்த அழிச்சப்ப வாங்கிட்டு வந்து நட்டேன். புதுக்கல்லு எவன் வாங்குவான்?"

திராட்சையை விட்டுவிட்டவர்கள் கல்லைப் பிடுங்கி விற்பார்கள். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் அதை வாங்கி நடுவார்கள். ஒரே கல் மூன்று ஊர் பார்த்திருக்கும். எங்கள் தெருக்காரர்கள் எத்தனையோ பேர் டிராக்டரில் அந்தக் கற்களை ஏற்றி இறக்கிக் கூலி வாங்கியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்து வளர்ந்த விஷயம். கற்கள் இடம் மாறும் என்பதை, படித்த திமிரில் மறந்துவிட்டு, கல் நிற்கிற இடத்தில் வெள்ளத்தை வரைந்திருக்கிறேன். கூச்சப்பட வேண்டியது என்று சொன்னேனே, அது இதுதான்.

 ஆனாலும் கேட்டேன். "எந்தத் தோட்டத்துக் கல்லுங்கய்யா அது?"

"ஆத்தோரம். உத்தமபாளையத்துக்கு இந்தப் பக்கம். ஒரு வருசம் தண்ணி உள்ள வந்து, வடியாம நின்னு, கொடியெல்லாம் வேரோட அழுகிப் போச்சு. வெளியூர்க்காரவுக. வெறுத்துப்போயி கல்ல வித்துட்டு நிலத்தையும் குடுத்துட்டுப் போயிட்டாக. இப்ப அங்கன மனை போட்ருக்காகல்ல? ரெண்டு மயிலு வச்சு ஆர்ச்சு நிக்குமே, அங்கன."

கூட்டம் அடுத்த ஆளின் ஆட்சேபத்துக்கு நகர்ந்துவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. தோட்டக்காரருக்குத் தன் தோட்டம் வெள்ளையானால் போதும். நான் மட்டும் படத்தின் முன்னால் நின்று, அந்த ஆர்ச் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். படத்தில் அது வெள்ளை வெளேரென்று இருந்தது.

வெளியே வந்தபோது பொறியாளர் சொன்னார். "விடும்மா, நடக்கிறதுதான். அந்தப் பதினோரு புள்ளியையும் எடுத்துடு. மத்தது கணக்குப்படி இருக்கட்டும். வெள்ளிக்கிழமை அனுப்பிடலாம்."

அவ்வளவுதான். தப்பான புள்ளிகளை நீக்க வேண்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. நீக்கிவிட்டால் எங்கள் மனை வெள்ளையாகவே போய்ச் சேரும். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. அடுத்த வாரம் கொத்தனார் பேஸ்மட்டம் எழுப்பப் போகிறார். அப்பா நாள்தோறும் வேலை முடிந்து அங்கே போய், ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரம் நின்றுவிட்டு வருகிறார்.

இரண்டு நாட்கள் எனக்கு எங்கும் இருப்புக் கொள்ளவில்லை. மடிக்கணினியைத் திறப்பேன், அந்தப் புள்ளிகளைத் தேர்ந்தெடுப்பேன், மூடுவேன். பேருந்தில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். ராயப்பன்பட்டியில் அளக்க வேண்டிய ஒரு பாலத்தை அளந்து முடித்துவிட்டு, எழுதிய தாளைப் பார்த்தால் எல்லா எண்களும் இருந்தன, தேதியும் இருந்தது, பாலத்தின் பெயர் இல்லை. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறி அந்தத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டக்காரர் பந்தலுக்குக் கீழே கவாத்து வெட்டும் ஆட்களோடு நின்றிருந்தார். "வந்துட்டியா? இன்னைக்கு எங்கன தண்ணி விடப்போற?" என்றார்.

"ஒண்ணு கேக்கணும். இந்தக் கல்ல நட்டப்ப எம்புட்டு ஆழம் குழி எடுத்தீக?"

"எங்க எடுக்க? அதான் பாறைன்னு சொன்னேன்ல. ஒன்றரை அடி இறக்குறதுக்குள்ள கடப்பாரை மழுங்கிப் போச்சு. அந்தத் தோட்டத்துல நல்லா ரெண்டு அடிக்கு மேல உள்ள இருந்துச்சு."

கல்லின் அடியில் குனிந்து பார்த்தேன். தரைக்கு ஒரு சாண் மேலே அந்தக் கறை. நான் துடைத்தும் போகாத கறை. அது மழை தெறித்த சேறு அல்ல. அதற்குக் கீழே பழைய நீலமே இல்லை. கரிசல் மண்ணின் கறுப்பு ஏறிய கல் மட்டும் இருந்தது. பழைய தோட்டத்தில் மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதி. அந்தக் கறைதான் பழைய தரைமட்டம். மேலே இருப்பது வண்டல் கோடு. கல் எத்தனை ஊர் போனாலும், இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட தூரம் மாறாது. அதுதான் அந்தத் தோட்டத்தில் நின்ற தண்ணீரின் ஆழம்.

டேப்பை வைத்தேன். மூன்றே முக்கால் அடி. அடுத்த கல். அதுவும் மூன்றே முக்கால். அதற்கடுத்தது ஒரு விரல் குறைவு.

"இப்ப எதுக்கு மறுபடியும் அளக்குற?"

"அந்த ஆர்ச்சுக்குள்ள எங்க அப்பா வீடு கட்டுறாரு."

கத்தரிக்கோல்களின் சத்தம் நின்றது. அவர் ஆட்களைப் பார்த்து "வேலையப் பாருங்கப்பா" என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அப்ப அளக்காத. போயிரு. நீ ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல."

"உங்க தோட்டத்த நீலமாக்குனப்ப அம்புட்டுச் சத்தம் போட்டீகளே?"

"அது என் தோட்டம்."

"இது என் வீடு."

அவர் டேப்பின் மறுமுனையை வாங்கி அடுத்த கல்லில் பிடித்தார்.

சாயங்காலம் ஜீப்பிலிருந்து அம்மா இறங்கி, ஏலக்காய் வாசனையோடு வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். ஒன்றரை அடி மண் கொட்டியிருக்கிறார்கள், மிச்சம் இரண்டேகால் அடி தண்ணீர் மனைக்கு மேல் நிற்கும். கொத்தனார் பேஸ்மட்டத்துக்கு இரண்டு அடி என்று சொல்லியிருக்கிறார். தண்ணீர் வீட்டுக்குள் வரும். படத்தில் அந்த மனைகள் எல்லாவற்றையும் நீலமாக்கப் போகிறேன்.

அப்பா முதலில் சிரித்தார். "கரை நிக்குதுல்ல?"

"கரைக்குள்ள அம்புட்டு பைப்பு இருக்குப்பா. வெட்டுன இடத்துலயெல்லாம் தேங்கா மட்டதான் இருக்கு."

"நீ படத்துல போட்டா தண்ணி வரும், போடாட்டி வராதா?"

"போடாட்டியும் வரும்."

"அப்பறம் எதுக்குப் போடுற? படத்துல நீலமுன்னா அந்த மனைய எவன் மதிப்பான்? நம்மளத மட்டுமாவது வெள்ளையா விட்ரு."

"முடியாதுப்பா. பக்கத்துல நாப்பது வீட்டுக்காரவுக இருக்காக. அவுகளுக்கு அளந்து சொல்ல வீட்ல ஆளில்ல."

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். "ஊர்ல எல்லாரும் மகளப் படிக்க வச்சு வீடு கட்டுறாக. நான் படிக்க வச்சு வீட்டத் தொலைக்கிறேன்."

  அம்மாதான் கையிலிருந்த ஏலக்காய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அதுகெடக்கு. தண்ணி எதுவரைக்கும் வரும்னு சொன்ன? கையால காட்டு. அடி, அங்குலமெல்லாம் எனக்கு வேணாம்."

என் தொடையில் கை வைத்துக் காட்டினேன். அம்மா எழுந்து என் பக்கத்தில் நின்று, அந்த உயரத்தைத் தன் மேல் பார்த்துக்கொண்டாள். அம்மா என்னைவிடக் குள்ளம்.

மறுநாள் பொறியாளரிடம் போய் அளவுகளை வைத்தேன். அந்த மனைகளில் ஒன்று எங்களுடையது என்பதையும் சொன்னேன். அதனால் என் அளவை வேறு ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றேன். அவர் வேறு ஆளை அனுப்பவில்லை. தானே வந்து, பதினோரு கல்லையும் குனிந்து குனிந்து அளந்தார். தோட்டக்காரர் கொடுத்த மோரை நின்றபடி குடித்தார். பிறகு ஆர்ச்சுக்குள் போய், எங்கள் அஸ்திவாரக் குழியின் பக்கவாட்டில் கொட்டிய மண் எங்கே முடிகிறது, கரிசல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அதையும் குறித்துக்கொண்டார். குழிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றிருந்தார். 

"ஒன்றரை அடின்னு எழுதியிருந்த. சரியாத்தான் இருக்கு" என்றார் பொறியாளர். வண்டியில் ஏறும்போது, "முதல் நாள் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்" என்று ஆரம்பித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "மத்தியானத்துக்குள்ள படத்த மாத்திடு" என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்ச் வழியாக ஒரு டிராக்டர் வந்தது. அதில் ஒற்றைப் பந்தல் கல். நான் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கியது. "ஒரு மூலையில பந்தலு தொங்குனா தொங்கட்டும்" என்று சொல்லி அவரே ஓட்டிவந்தார். எங்கள் மனையின் மூலையில், கொட்டிய மண்ணைத் தாண்டி, கரிசல் தெரியும் வரை குழி எடுக்கச் சொன்னேன். கல்லின் கீழ்க் கறை பழைய தரையோடு சரியாகப் பொருந்தும்படி இன்னும் ஆழமாக்கி இறக்கினோம். கறை கொட்டிய மண்ணுக்குள் மறைந்தது. வண்டல் கோடு மட்டும் வெளியே நின்றது.

அப்பா தூரத்தில் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்று நாட்களாக என்னோடு பேசவில்லை. கொத்தனார் வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார். "இந்தக் கோடு என்ன, சாமி கும்பிடவா?" என்று கேட்டார். தோட்டக்காரர்தான் சொன்னார். "இங்கன இதுவரைக்கும் தண்ணி நின்னுச்சுப்பா. என் கண்ணால பாத்தேன். கல்லு வாங்க வந்தப்ப, கொடியில பாதி உசரத்துக்குச் சேறு காஞ்சு கெடந்துச்சு."

என் வரைபடத்தை நம்பாத அப்பா, அதைக் கேட்டு எழுந்து வந்தார். கல்லின் பக்கத்தில் நின்றார். கோடு அவருடைய தொடை உயரத்தில் இருந்தது. அதன் மேல் விரலை வைத்துத் தடவினார். கொஞ்சம் வண்டல் அவர் விரலில் ஒட்டியது.

"இன்னும் அனுப்பலல்ல?" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்தப் படத்த."

"வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன்ப்பா. ஆர்ச்சுல இருந்து கரை வரைக்கும் பூராம் நீலம்."

அவர் விரலில் ஒட்டிய வண்டலை வேட்டியில் துடைத்தார். கொத்தனாரின் கையிலிருந்த நூல் காத்துக்கொண்டிருந்தது. நான் அதை வாங்கி, பேஸ்மட்டம் இனி எதுவரை எழ வேண்டும் என்று காட்ட, கோட்டுக்கு முக்கால் அடி மேலே கல்லைச் சுற்றிக் கட்டினேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அப்பாவிடம் நீட்டினேன்.